ஹீற்றர் கோர் மாற்றியதாகக் காசு வாங்கினார்கள், கோரைத் தொடவே இல்லை

எங்களிடம் 1999ஆம் ஆண்டு ஜீப் செரோக்கி ஒன்று நிற்கிறது. நாலு லீற்றர் எஞ்சின், ஆறு சிலிண்டர், நாலு சில்லுக்கும் இழுவை. நான் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருந்து வடக்கே பாரி நகருக்கு வேலைக்குப் போகிறவன். விடிய நாலரைக்கு 400ஆம் நெடுஞ்சாலையில் ஏறினால், ஜோர்ஜியன் விரிகுடாப் பக்கமிருந்து பனி அள்ளிக் கொட்டுகிற நாட்களில் முன்னால் போகிற லொறியின் சிவப்பு விளக்குக்கூடத் தெரியாது. அந்த றோட்டில் நான் நம்புகிற வாகனம் இது. அதனால்தான் இத்தனை வயதாகியும் விற்கவில்லை.

போன மார்கழித் தொடக்கத்தில் முன்கண்ணாடி மங்கத் தொடங்கியது. சூட்டுக் காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பினால் தெளிய வேண்டும். எனக்கு விட விட இன்னும் மங்கியது. துணியால் துடைத்தால் எண்ணெய் பூசினதுபோல இழுபட்டது. உள்ளுக்குள் சீனிப்பாகு காய்ச்சின மாதிரி ஓர் இனிப்பு வாடை. எஞ்சினை ஆற்றுகிற திரவமான கூலன்ற்றின் போத்தலில் கிழமைக்குக் கிழமை மட்டம் இறங்கியது, ஆனால் வாகனத்துக்குக் கீழே ஒரு சொட்டுக்கூட இல்லை. பிறகு ஒரு சனிக்கிழமை கடைக்குப் போகும்போது மனைவி, "இஞ்சருங்கோ, கால் நனையுது" என்றார். அவர் இருந்த பக்கத்துக் கார்ப்பெற்றை அமத்திப் பார்த்தேன். விரலில் பச்சையாக வந்தது. பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துத் தேய்த்தால் வழவழவென்று வழுக்கியது.

அது ஹீற்றர் கோர் ஒழுக்கு. டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு பெட்டிக்குள் குட்டி றேடியேற்றர் ஒன்று இருக்கிறது. எஞ்சின் சூட்டோடு வருகிற கூலன்ற் அதற்குள் ஓட, காற்றாடி அதன் ஊடாகக் காற்றைத் தள்ள, நமக்குச் சூடு வருகிறது. அது ஓட்டையானால் கூலன்ற் ஆவியாகிக் கண்ணாடியில் படியும், மிச்சம் காலடியில் வடியும். மழைத்தண்ணீர் உள்ளே வந்தாலும் கார்ப்பெற் நனையும்தான். ஆனால் தண்ணீருக்கு நிறமும் இல்லை, வழுக்கலும் இல்லை, அந்த இனிப்பு மணமும் இல்லை. கூலன்றில் இருப்பது எத்திலீன் கிளைக்கோல், நஞ்சு. இனிப்பாக இருப்பதால் நாய்கூட நக்கிவிடும். எங்கள் சின்னவன் அந்தக் கார்ப்பெற்றில் விளையாட்டுக் கார் உருட்டுகிறவன் என்பதை நினைக்க எனக்கு வயிறு கலங்கியது.

சரி, கராஜ் தேடினேன். சொந்தக்காரர் ஒருவர், "எங்கட ஆள்தான், பயப்பிடாமல் விடலாம்" என்று ஓர் இடம் சொன்னார். பெயர் எழுதப் போவதில்லை. போனேன். முதலாளி நல்ல மரியாதையாகக் கதைத்தார். ஊர் எது என்று கேட்டார், தேத்தண்ணி தந்தார். "அண்ணை, உது பெரிய வேலை. டாஷ்போர்ட் முழுக்க இழுக்க வேணும், ஏசி காஸ் இறக்கி ஏத்த வேணும். எல்லாம் சேர்த்து ஆயிரத்து இருநூற்றைம்பது. பில் போட்டால் வரி வேற வரும். காசாத் தந்தால் அந்தப் பதின்மூன்று வீதம் உங்களுக்கு மிச்சம்."

பெரிய வேலை என்று அவர் சொன்னது உண்மைதான். அதனால்தான் நம்பினேன். எழுத்தில் ஒரு துண்டுகூட வாங்காமல், காலை பத்தரைக்குத் திறப்பைக் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டேகாலுக்குப் போன் வந்தது: "முடிஞ்சுது அண்ணை, எடுக்கலாம்." கெதியாக முடித்துவிட்டார் என்று சந்தோஷப்பட்டு 1,250 டொலரை எண்ணிக் கொடுத்தேன். கார்ப்பெற்றைக் கழுவிக் காயவைத்திருந்தார். எஞ்சின் பக்கம் இரண்டு புது ஹோஸ் பளபளத்தது. ஹீற்றர் சுட்டது. தமிழ் வானொலி கேட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். பிறகு இந்த வானொலி விஷயத்துக்கு வருகிறேன்.

பதினெட்டு நாள் நன்றாக ஓடியது. பிறகு ஹீற்றர் இளஞ்சூடானது. முகத்தில் படும் காற்று ஆறின தேத்தண்ணி மாதிரி. அடுத்த கிழமை எஞ்சின் சூட்டு முள் வழக்கமான இடத்தைத் தாண்டி ஏறியது. தைப்பொங்கலுக்கு அடுத்த நாள் காலை, மறை 19 பாகை, இனிஸ்ஃபில் தாண்டுகிற இடத்தில் கண்ணாடி முழுவதும் வெள்ளையாகிவிட்டது. பக்கக் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டித்தான் கரைக்கு ஒதுக்கினேன். பின்னால் வந்த பெரிய லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டு கடந்தபோது வாகனமே ஆடியது. அந்த நிமிடத்தை மறக்க ஏலாது.

இழுவை வண்டி என்னைக் கொண்டுபோய் விட்ட இடம், வயதான ஒரு போர்த்துக்கீசக்காரரின் சின்னப் பட்டறை. செரோக்கியில் ஊறின மனிதர். நான் கதை சொன்னதும் வாகனத்துக்கு உள்ளே அவர் பார்க்கவில்லை. நேரே பொனற்றைத் திறந்தார். எஞ்சினுக்கும் நமக்கும் நடுவில் நிற்கும் தகட்டுச் சுவரில் ரோர்ச் அடித்துக் காட்டினார். ஹீற்றர் பெட்டியைப் பிடித்து வைத்திருக்கும் நட்டுகள் அந்தச் சுவரில், எஞ்சின் பக்கமாக இருக்கின்றன. அவற்றைக் கழற்றாமல் பெட்டி உள்ளே அசையாது. எல்லாவற்றிலும் பழுப்புத் துரு தடித்துப் படிந்திருந்தது. நட்டும் ஆணியும் சேருகிற இடத்தில் அந்தத் துரு ஒரே தோலாக, விரிசல் இல்லாமல் மூடியிருந்தது. மூலைகளில் நட்டுக் கழற்றுகிற சாவி பட்ட மினுக்கம் எதுவும் இல்லை. "இதை ஃபக்ரறியில் பூட்டின பிறகு ஒருத்தரும் திறக்கவில்லை" என்றார்.

அடுத்ததாக அவர் கேட்ட கேள்விதான் எனக்கு உறைத்தது. "வாகனத்தை எடுத்த அன்று றேடியோவில் மணிக்கூடு சரியாக இருந்ததா?" இருந்தது. நான் பதிந்து வைத்த அலைவரிசைகளும் அப்படியே இருந்தன. ஒரு பட்டனை அமத்தித்தானே தமிழ் வானொலியைப் போட்டேன். 1997இலிருந்து வந்த செரோக்கிகளில் பயணி பக்கமும் காற்றுப்பை உண்டு. டாஷ்போர்டில் கை வைக்கும் முன் பற்றறியைக் கழற்றியே ஆக வேண்டும். கழற்றினால் மணிக்கூடு அழியும், பதிந்தவையும் போய்விடும். நான் அன்று பாட்டுக் கேட்டபடி வந்ததே வேலை நடக்கவில்லை என்பதற்குச் சாட்சி.

சிலர் ஏசி காஸை இறக்காமல் பெட்டியை வெட்டி, கோரை மட்டும் உருவி எடுப்பதும் உண்டு. அப்படி என்றால் வெட்டின தடம் இருக்க வேண்டும். அதுவும் இல்லை. றேடியேற்றர் மூடியைத் திறந்து விரலை உள்ளே விட்டு அவர் எடுத்தது மண்ணிறத்தில் ஒரு கூழ், இடையிடையே செம்புத் தூள்போல மினுங்கியது. ஒழுக்கை அடைக்க ஊற்றுகிற மருந்து. போத்தல் இருபது டொலர்கூட வராது. அது ஓட்டையைக் கொஞ்ச நாள் மூடும், பிறகு கோரின் மெல்லிய குழாய்களையும் றேடியேற்றரையும் சேர்த்து அடைக்கும். எனக்கு ஹீற்றர் ஆறியதும் எஞ்சின் சூடேறியதும் அதனால்தான். இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருந்தால் சிலிண்டர் ஹெட்டே போயிருக்கும் என்றார்.

அவர் முதலில் ஒரு தாளில் விலை எழுதி என் கையெழுத்து வாங்கினார். வேலை முழுதாக ஒன்றரை நாள் பிடித்தது. புதுக் கோர் 95 டொலர்தான். காசெல்லாம் கூலிக்கும், அடைபட்டுப் போன றேடியேற்றருக்கும். மொத்தம் வரியோடு 2,130. பழைய கோரைக் கேட்காமலே பையில் போட்டுத் தந்தார். அடியில் ஒரு மூலை முழுக்கப் பச்சைப் பூஞ்சை மாதிரிப் படிந்திருந்தது.

முதல் கராஜுக்குத் திரும்பப் போனேன். இந்த முறை தேத்தண்ணி இல்லை. "பழைய வாகனம் அண்ணை, நான் என்ன செய்ய? வாரன்ரி எல்லாம் பில் போட்ட ஆக்களுக்குத்தான்." பழைய கோரைக் காட்டினேன், நட்டின் படங்களைக் காட்டினேன். "உதை நீங்கள் எங்கேயும் எடுத்திருக்கலாம்" என்றார். என்னிடம் ஒரு கடதாசியும் இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். வரியை மிச்சம் பிடித்துத் தருகிறேன் என்றது அதற்காகத்தான் என்று நான் நினைக்கிறேன்.

அவர் வாரன்ரி பற்றிச் சொன்னது பொய். ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வாகனத் திருத்தத்துக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. பூட்டின பாகத்துக்கும் கூலிக்கும் குறைந்தது 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முதலில் வருகிறதோ அதுவரை, கராஜ் பொறுப்பு. எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும். அதற்கு மேல் பத்து வீதத்துக்குக் கூடுதலாக வாங்கக் கூடாது. கழற்றின பாகம் வேண்டாம் என்று நீங்கள் சொன்னாலொழிய அதைத் திருப்பித் தர வேண்டும். செய்யாத வேலையைச் செய்ததாகச் சொல்லி ஏமாற்றினால் ஒரு வருடத்துக்குள் ஒப்பந்தத்தை முறித்துக் காசைத் திருப்பிக் கேட்கலாம். இதெல்லாம் எனக்கு முன்பே தெரிந்திருந்தால், விலை சொன்ன அன்றே மதிப்பீட்டை எழுதித் தரச் சொல்லியிருப்பேன்.

பழைய நாலு சில்லு இழுவை வாகனம் வைத்திருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: இந்த வேலைக்கு விடுமுன் அந்த நட்டுகளையும் கிலோமீற்றரையும் படம் எடுங்கள். எடுக்கும்போது பொனற்றைத் திறந்து அதே நட்டுகளைப் பாருங்கள், மணிக்கூட்டைப் பாருங்கள். பழைய கோர் கையில் வந்த பிறகே காசு கொடுங்கள். ஒழுக்கு மருந்து ஊற்றலாமா என்று யாராவது கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கையில் இப்போது காசு இல்லை என்றால், கோருக்குப் போகும் இரண்டு ஹோஸையும் எஞ்சின் பக்கமே ஒன்றோடொன்று இணைத்துவிடச் சொல்லலாம், ஒழுக்கு நிற்கும். ஆனால் சூடும் நிற்கும், கண்ணாடி தெளியாது. கோடை மட்டும் சமாளிக்கலாம், மாரியில் அப்படி ஓடவே கூடாது.

போர்த்துக்கீசக்காரர் தான் கண்டதை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். அதையும் படங்களையும் சேர்த்து, 1,250 டொலரைத் திருப்பித் தரும்படி அந்த முதலாளிக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பியிருக்கிறேன். கடிதம் கிடைத்ததற்கான கையெழுத்து வந்துவிட்டது, பதில் வரவில்லை. மாத முடிவு வரை பார்த்துவிட்டுச் சிறு உரிமைகோரல் நீதிமன்றத்தில் மனுக் கொடுக்கப் போகிறேன். எனக்கு அந்த இடத்தைச் சொன்ன சொந்தக்காரரும் போன வருடம் தன் வானை இதே வேலைக்கு அங்கேதான் விட்டவர். நேற்று பின்னேரம் இரண்டு பேருமாக அதன் பொனற்றைத் திறந்து பார்த்தோம். அங்கேயும் நட்டுகளில் துரு உடையவில்லை.