நீலாங்கரை முதல் பெசன்ட் நகர் வரை: கடலாமை நடை குறித்து ஒரு மதிப்பீடு

சென்னையில் கடலைப் பற்றி அறிந்துகொள்ள எங்கே போகலாம் என்று யாராவது என்னைக் கேட்டால், தை பிறந்த பிறகு வார இறுதி இரவுகளில் நீலாங்கரைக் கடற்கரையில் தொடங்கும் கடலாமை நடைக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன். இரவில் கரையோரம் நடந்து, ஆமைகள் மணலில் இட்ட முட்டைகளைத் தேடி எடுத்துப் பாதுகாப்பான இடத்தில் சேர்ப்பதுதான் இந்த நடை. கடலாமைப் பாதுகாப்புக்காக மாணவர்கள் தொடங்கிய அமைப்பு ஒன்று 1988 முதல் இதை நடத்தி வருகிறது. கட்டணம் எதுவும் இல்லை. மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், கல்லூரியில் படிக்கும் என் மகளுடன் நானும் அதில் கலந்துகொண்டேன்.

நடை தொடங்கும் முன் மணலில் உட்காரவைத்து நெடுநேரம் பேசுகிறார்கள். இந்தப் பேச்சே எனக்குப் பெரிதும் பிடித்திருந்தது. நம் மீனவர்கள் பங்குனி ஆமை என்று அழைக்கும் சிற்றாமைகள், தாம் பிறந்த கரைப் பகுதிக்கே முட்டையிடத் திரும்பி வருவதையும், பருவம் எய்துவதற்கே பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆவதையும், ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றே அந்தப் பருவத்தை எட்டும் என்று கணிக்கப்படுவதையும் நிதானமாக விளக்கினார்கள். 1970களில் மெட்ராஸ் பாம்புப் பண்ணையைச் சேர்ந்த சிலர் இதே கரையில் முட்டைகளைத் தேடி நடந்ததிலிருந்து இந்த முயற்சியின் வரலாறு தொடங்குகிறது என்பதை அன்றுதான் நான் அறிந்தேன். விதிகள் கண்டிப்பானவை: டார்ச் கூடாது, கைப்பேசித் திரையின் வெளிச்சமும் கூடாது, ஆமை கரையேறினால் அது முட்டையிடத் தொடங்கும் வரை யாரும் அருகில் போகக் கூடாது.

பாலவாக்கத்தைக் கடக்கும்போது முதலில் நாங்கள் கண்டது ஓர் இறந்த ஆமையை. ஓடு இரண்டடிக்குச் சற்று மேல் நீளமிருக்கும். உடலில் எங்கும் வெட்டோ கீறலோ இல்லை. கழுத்து வீங்கியிருந்தது, கண்கள் பிதுங்கி வெளியே தள்ளியிருந்தன. தன்னார்வலர் ஒருவர் குனிந்து நாடாவால் ஓட்டின் நீளத்தை அளந்து, குறிப்பேட்டில் எழுதி, மறுபடி எண்ணிவிடாமல் இருப்பதற்காக ஓட்டின் மீது வண்ணத்தால் ஒரு கோடு போட்டார். கழுத்து வீங்கிக் கண் பிதுங்கியிருந்தால் பெரும்பாலும் அது மூச்சுத்திணறலின் அடையாளம் என்றார். கடலாமைக்கு நுரையீரல்தான் உண்டு. மூச்சு வாங்க மேலே வந்தாக வேண்டும். கடலடியை அரித்துக்கொண்டு மணிக்கணக்கில் இழுக்கப்படும் இழுவலையின் மடியில், அதாவது பை போன்ற கடைப் பகுதியில், சிக்கினால் மேலே வர வழியே இல்லை. 2025 ஜனவரியில் சென்னையையும் அதை அடுத்துள்ள மாவட்டங்களையும் ஒட்டிய கரைகளில் இப்படி நூற்றுக்கணக்கில் ஆமைகள் ஒதுங்கியபோது, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. செய்தித்தாளில் எண்ணாகப் படித்ததற்கும், காலடியில் ஓர் உடலைப் பார்த்து நின்றதற்கும் உள்ள தொலைவை அந்த இரவில் உணர்ந்தேன். என் மகள் வெகுநேரம் பேசவில்லை.

இந்தச் சாவுக்கு மாற்று இல்லாமலில்லை. வலையின் கழுத்துப் பகுதியில் சாய்வாகப் பொருத்தப்படும் கம்பிச் சட்டம் ஒன்று உண்டு. இறால் கம்பிகளின் இடைவெளி வழியே மடிக்குள் போய்விடும், ஆமை சட்டத்தில் மோதி அருகிலுள்ள திறப்பின் வழியே வெளியேறிவிடும். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்கு ஏற்றபடி இதை வடிவமைத்துக் கொடுத்து ஆண்டுகள் பல ஆகின்றன. இந்தக் கருவி நம் படகுகளில் பயன்பாட்டுக்கு வராததைக் காரணம் காட்டி, கடலில் பிடித்த இந்திய இறாலை வாங்குவதை அமெரிக்கா 2019இல் நிறுத்திவிட்டது. கரையை ஒட்டிய கடலில் விசைப்படகுகள் இழுவலை போடுவதற்கும் தமிழ்நாட்டில் சட்டப்படி தடை இருக்கிறது. மீனவர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது என்றே நினைக்கிறேன். சட்டத்தைப் பொருத்தினால் திறப்பின் வழியே இறாலும் கொஞ்சம் தப்பிவிடும் என்ற அவர்களுடைய அச்சத்துக்கு விடை சொல்லி, இழப்பை ஈடுகட்டி, கண்காணிப்பையும் உறுதிசெய்ய வேண்டியது அரசின் கடமை.

கொட்டிவாக்கத்துக்கு அருகே தடம் கிடைத்தது. சிறிய டிராக்டர் ஒன்று அலையிலிருந்து ஏறி வந்து திரும்பிப் போனதுபோல் மணலில் இரண்டு கோடுகள். ஆமை முட்டையிட்டுவிட்டுப் போயிருந்தது. கம்பியை மெதுவாக மணலில் இறக்கிப் பார்த்தபடி வந்தவரின் கை ஓரிடத்தில் நின்றது. முட்டைக்குழியின் மேல் மணல் இறுகாமல் இளக்கமாக இருக்குமாம். தோள்வரை கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்துத் துணிப்பையில் வைத்தார்கள். மேசைப்பந்து அளவில், தொட்டால் சற்றே அமுங்கும் தோலுடன், நூற்றுப் பதினான்கு முட்டைகள். என்னை எண்ணச் சொன்னார்கள். இரண்டு முறை எண்ணினேன்.

அவற்றை அங்கேயே விட்டுவைத்தால் என்ன என்று மகள் கேட்டாள். நாய்கள் தோண்டிவிடும் என்பது பாதி விடைதான். மீதி விடை எங்கள் முதுகுக்குப் பின்னால் ஒளிர்ந்துகொண்டிருந்தது. பொரிந்து மேலே வரும் குஞ்சு வெளிச்சமான அடிவானத்தை நோக்கித்தான் ஊர்ந்து செல்லும். நிலவும் விண்மீன்களும் மட்டும் இருந்த காலத்தில் அந்த வெளிச்சம் கடற்பக்கம் இருந்தது. இன்று அடுக்குமாடி வீடுகள், உணவகங்கள், தெருவிளக்குகள் எல்லாம் சேர்ந்து கரையின் பக்கம் வானத்தையே மஞ்சளாக்கிவிட்டன. குஞ்சு சாலைக்குப் போகிறது, விடிந்ததும் வெயிலில் காய்ந்து சாகிறது. கடலைப் பார்த்த மாடங்களில் இரவெல்லாம் விளக்கு எரியவிடும் வீட்டுக்காரர்கள் ஒருமுறையேனும் இந்த நடைக்கு வர வேண்டும்.

முட்டைகளைப் பொரியும் வரை வேலிக்குள் பாதுகாக்கும் பெசன்ட் நகர் பொரிப்பகத்தை அடைந்தபோது விடியற்காலை 4 மணி ஆகியிருந்தது. ஆமை தோண்டிய குழியின் ஆழத்துக்கே, குடுவை வடிவில் புதுக்குழி எடுத்து முட்டைகளை இறக்கி மூடினார்கள். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பமே தீர்மானிக்கிறது. ஏறத்தாழ 30 பாகை செல்சியசுக்கு மேல் போகப் போகப் பெண் குஞ்சுகள் மிகும், அதற்கும் மேல் ஏறினால் கரு அழியும். உலகம் சூடேறுவதால் வரும் இந்தக் கேட்டைப் பற்றி அங்கே இன்னும் விரிவாகச் சொல்லியிருந்தால் என்னைப் போன்றவர்களுக்குப் பயன்பட்டிருக்கும். ஆனால் அந்த நேரத்தில் கேட்டுக்கொள்ளும் நிலையில் எங்களில் பாதிப் பேர் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வேலிக்கு அப்பால் கடலில் விசைப்படகுகளின் விளக்குகள் வரிசையாகத் தெரிந்தன. நாங்கள் சுமந்து வந்த நூற்றுப் பதினான்கு முட்டைகளை இட்ட தாய் அந்த விளக்குகளுக்கு நடுவில்தான் எங்கோ நீந்திக்கொண்டிருக்கும் என்று தன்னார்வலர் ஒருவர் சொன்னார். பருவம் எய்திய ஒரு தாயாமையை வலையில் இழந்தால், அதன் இழப்பை எத்தனை கூடைக் குஞ்சுகளாலும் விரைவில் ஈடுசெய்ய முடியாது. இதை மறைக்காமல் சொல்கிறார்கள் என்பதால்தான் இவர்கள்மீது எனக்கு மதிப்பு கூடியது.

போக நினைப்பவர்களுக்குச் சில செய்திகள். ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தொலைவு, முழுக்க மணல். முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கடினம். வழியில் கழிப்பறையை எதிர்பார்க்க வேண்டாம். தண்ணீரும் அடர்நிற உடையும் எடுத்துச் செல்லுங்கள். ஆமையை உயிருடன் பார்த்தே தீர வேண்டும் என்ற எண்ணத்துடன் போகாதீர்கள். நாங்கள் பார்க்கவில்லை, அதற்காக வருந்தவும் இல்லை. இரவு முழுதும் நடக்க முடியாத பெரியவர்களும் சிறு பிள்ளைகளும், பங்குனி, சித்திரை மாதங்களில் பெசன்ட் நகர் பொரிப்பகத்தருகே அந்தி நேரத்தில் குஞ்சுகளைக் கடலில் விடுவதைப் பார்க்கலாம். முட்டைகள் பொரிய 45 நாட்களுக்கு மேல் ஆகும் என்பதால் எங்கள் குழி பங்குனிக் கடைசியில்தான் திறக்கும். அன்று போவதற்காக மகள் நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறாள்.