செம்பூர் சமையலறையில் ஒரு 28 லிட்டர் ஓடிஜி

போன தீபாவளித் தள்ளுபடியில் வாங்கிய ஓடிஜி இது, அதாவது ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்த மின் அடுப்பு. கம்பெனி பெயர் சொல்லவில்லை. ஏழாயிரம் ரூபாய் சுற்றுவட்டத்தில் கிடைப்பவை எல்லாம் அநேகமாக ஒரே அமைப்புதான்: மேலே இரண்டு கம்பி, கீழே இரண்டு கம்பி, முன்னால் கண்ணாடிக் கதவு, பக்கவாட்டில் மூன்று நாப். சூட்டுக்கு ஒன்று, எந்தக் கம்பி எரிய வேண்டும் என்பதற்கு ஒன்று, நேரத்துக்கு ஒன்று. வேலையை நன்றாகவே செய்கிறது. முட்டையில்லாத ரவா கேக் அடி பிடிக்காமல் எழும்பி வருகிறது. மும்பை நான்கட்டாய் பிஸ்கட் விரிசல் விட்டு, ஓரம் மட்டும் சிவந்து, கடையில் வாங்கியது போலவே இருக்கிறது. கொத்சுக்கு கத்திரிக்காய் சுடுவதும் இதில்தான். முள்கரண்டியால் நாலு இடத்தில் குத்திவிட்டு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே ஆவி கட்டி வெடித்து, கம்பி முழுக்கச் சதை ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் இதை வாங்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது கேக்கைப் பற்றி அல்ல, சுவரைப் பற்றி. கடையில் எத்தனை லிட்டர், என்ன கலர் என்றெல்லாம் கேட்டார்கள். எந்த பாயிண்டில் சொருகப் போகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை.

எங்களுக்கு வழக்கமாக வரும் எலெக்ட்ரீஷியன் தாராவியிலிருந்து வருபவர், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். பெட்டியைப் பிரித்ததும் அவர் முதலில் பின்பக்க ஸ்டிக்கரைத்தான் படித்தார்.

“1600 வாட் போட்டிருக்கான் அக்கா. 230 வோல்ட்டுக்கு ஏழு ஆம்பியர் இழுக்கும். நீங்க மிக்ஸி போடுற போர்டு ஆறு ஆம்பியர். இந்த பிளக் அதுல நுழையவே நுழையாது.”

“கன்வெர்ஷன் பிளக் போட்டா நுழையுமே தம்பி?”

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. பையைத் துழாவி ஒரு பழைய சாக்கெட்டை எடுத்து என் கையில் வைத்தார். வேறொரு வீட்டில் கழற்றியதாம். மூன்று துளைகளில் ஒன்றின் விளிம்பு மட்டும் காபி நிறமாகி, பிளாஸ்டிக் குமிழ் விட்டிருந்தது. உள்ளே பித்தளைத் தகடு நீலம் பாய்ந்து, பிடிமானம் இல்லாமல் ஆடியது. பிடி தளர்ந்தால் அந்த இடம் சூடாகும், சூடானால் இன்னும் தளரும், இப்படியே போய் ஒரு நாள் புகையும் என்று விளக்கினார். எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கும் இதே கதைதான். பெரும்பாலானவை ஆறு ஆம்பியருக்குச் செய்தவை.

கடைசியில் மெயின் போர்டிலிருந்து 2.5 ஸ்கொயர் எம்எம் செப்பு வயரில் தனி லைன் இழுத்து, 16 ஆம்பியர் பவர் பாயிண்டும், கரண்ட் அளவு மீறினால் தானாக அணையும் எம்சிபி சுவிட்ச் ஒன்றும் அதற்கென்று போட்டோம். அப்போதுதான் எர்த் சரியில்லை என்பதும் தெரிந்தது. பேஸுக்கும் (கரண்ட் வரும் வயர்) எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் லாம்ப் வைத்தால் பளிச்சென்று எரிய வேண்டும். எங்கள் வீட்டில் மினுக்கென்று எரிந்தது. பழைய கட்டடங்களில் இது சகஜம் என்றார். ஓடிஜியின் உடம்பு முழுக்கத் தகரம். உள்ளே எங்காவது கசிந்தால் அந்தக் கரண்ட் போக எர்த்தை விட்டால் நம் கைதான் வழி. மீட்டர் ரூம் வரை புது எர்த் வயர் இழுக்க குடியிருப்பு சொசைட்டி செக்ரெட்டரியிடம் அனுமதி வாங்கி, கூடவே கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் மாட்டினோம். அடுப்பு விலையில் பாதிக்கு மேல் இந்த வேலைக்கு ஆனது. கொஞ்சமும் வருத்தமில்லை.

அந்த ஆர்சிசிபியின் அருமை ஜூலையில் தெரிந்தது. அடை மழை, சில வாரங்களாக ஓடிஜியைத் தொடவில்லை. பிறகு ஒரு நாள் ஆன் செய்ததும் வீடே இருட்டானது. திரும்பப் போட்டால் திரும்ப விழுந்தது. பக்கத்து வீட்டில் ஆர்சிசிபியைத் தாண்டி நேராகக் கனெக்‌ஷன் கொடுக்கச் சொன்னார்கள். என் கணவர் திட்டவட்டமாக மறுத்துவிட்டார். சர்வீஸ் ஆள் வந்து சொன்ன காரணம் இதுதான்: சூடாகும் கம்பி உண்மையில் ஒரு குழாய். நடுவில் சுருள் கம்பி, சுற்றிலும் மெக்னீசியம் ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடி. கரண்ட் வெளியே வராமல் தடுப்பது அந்தப் பொடிதான். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மும்பை மழைக்காலத்தில் சும்மா கிடந்தால் குழாய் முனை வழியாக ஈரம் ஏறி, கரண்ட் மெல்லக் கசியும். ஆக, ஆர்சிசிபி செய்தது கோளாறு இல்லை, காவல். அவர் கம்பிகளைக் கழற்றிக் காய வைத்து, கசிவு இல்லை என்று மீட்டரில் காட்டிய பிறகே திரும்பப் பொருத்தினார். இப்போது மழைக்காலத்தில் வேர்க்கடலை வறுக்கவாவது வாரத்துக்கு ஒருமுறை போட்டுவிடுகிறேன். அதன் பிறகு விழவில்லை.

எங்கே வைப்பது என்பது அடுத்த தலைவலி. கையேட்டில் பின்னாலும் பக்கங்களிலும் 10 சென்டிமீட்டர் இடைவெளி, மேலே எதுவும் கூடாது என்று இருக்கிறது. மும்பை சமையலறையில் அந்த இடைவெளிகூட ஆடம்பரம்தான், ஆனாலும் விட்டே ஆக வேண்டும். இதன் மேல்தகடு 180 டிகிரியில் அரை மணி ஓடினால் தொட முடியாத அளவுக்குக் கொதிக்கிறது. எங்கள் வீட்டில் எண்ணெய் பாட்டில் ஸ்டாண்டை எதிர்ச் சுவருக்கு மாற்றினோம். கேஸ் டியூப் ஓடிஜிக்குப் பின்னால் போகக் கூடாது, இதில் சமாதானமே வேண்டாம்.

குறை என்று சொன்னால் மூன்று. வயர் ஒரு மீட்டர்கூட இல்லை, பாயிண்டை அடுப்புக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டியிருக்கிறது. தட்டை எடுக்கக் கொடுத்த இடுக்கி மெலிசு, நிறைந்த கேக் டின்னோடு தூக்கினால் சாய்கிறது. அதை ஓரம் கட்டிவிட்டு, முழங்கை வரை வரும் தடித்த கையுறை ஒரு ஜோடி வாங்கினேன். அது உலர்ந்திருக்க வேண்டும். ஈரத் துணியால் பிடித்தால் சூடு நொடியில் கைக்கு வந்துவிடும். மூன்றாவது, தெர்மோஸ்டாட். 180 என்று வைத்தால் உள்ளே நான் தொங்கவிட்ட தெர்மாமீட்டர் 195 காட்டுகிறது. தனியாக ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

டைமரில் ‘ஸ்டே ஆன்’ என்று ஒரு இடம் இருக்கிறது. அதில் வைத்தால் மணியும் அடிக்காது, தானாக நிற்கவும் நிற்காது. என் மாமியார் அந்த இடத்தின் மேல் சிவப்பு நெயில் பாலிஷால் பெருக்கல் குறி போட்டுவிட்டார். நல்ல யோசனை.

முதல் தடவை காலியாக, முழுச் சூட்டில் கால் மணி நேரம் ஓட விடுங்கள், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. கம்பி மேல் பூசிய எண்ணெய் எரிந்து புகையும், பயப்பட வேண்டாம். மளிகைக் கடையில் பட்டர் பேப்பர் என்று தருவதில் மெழுகு பூசியதும் உண்டு, அது உள்ளே உருகிப் புகைந்துவிடும். எத்தனை டிகிரி தாங்கும் என்று உறையில் அச்சிட்டிருக்கும் பேக்கிங் பேப்பராகப் பார்த்து வாங்குங்கள், அதையும் டின்னுக்கு வெளியே நீட்டிக்கொண்டு இருக்காமல் வெட்டிப் போடுங்கள். கீழ்க் கம்பி மேல் அலுமினியம் ஃபாயில் விரிப்பது வேண்டவே வேண்டாம். சூடான கதவுக் கண்ணாடியை ஈரத் துணியால் துடைத்தால் நொறுங்கிப் போகலாம், ஆறட்டும். கதவைத் திறக்கும்போது முகத்தை நேரே நீட்டாமல் ஒரு பக்கமாக நில்லுங்கள், ஆவி முதலில் வெளியே போகட்டும்.

உள்ளே ஏதாவது தீப்பிடித்தால் கதவைத் திறக்காதீர்கள். சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். காற்று இல்லாமல் அதுவே அணையும். அந்த சுவிட்ச் அடுப்புக்குப் பின்னால் இல்லாமல் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்பது இதனால்தான். கை சுட்டுவிட்டால் டூத்பேஸ்ட், மஞ்சள், ஐஸ் எதுவும் வேண்டாம். வளையல், மோதிரத்தைக் கழற்றிவிட்டுக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் தனி லைன் இழுக்க முடியாதே என்று கேட்கலாம். வாஷிங் மெஷினுக்கு 16 ஆம்பியர் பாயிண்ட் அநேகமாக இருக்கும். எர்த்தைச் சோதித்துவிட்டு, ஓடிஜியை அதன் பக்கத்தில் ஒரு உறுதியான இரும்பு ஸ்டாண்டில் வைத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் போடுங்கள். முலுண்டில் என் தங்கை அப்படித்தான் பால்கனிப் பக்கம் வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் பாவ் சுடுகிறாள்.