போர்ட்டோவில் பரிசுக்குப் போர்ட் ஒயின் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: பெட்டியைத் திறந்து பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

போர்ச்சுகல் பக்கம் சுற்றுலா போகிறவர்கள், அதிலும் ஒயின் பிரியர்களான நண்பர்களுக்கு ஒரு நல்ல போர்ட் பாட்டில் வாங்கிவர வேண்டும் என்று நினைத்திருப்பவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். 95 யூரோ போனதுகூட எனக்குப் பெரிதில்லை. பரிசைப் பெற்ற அந்த அம்மா லேபிள் மேல் விரலை ஓட்டி ஓட்டித் தேடினாரே, அதுதான் இன்னும் ஆறவில்லை.

லண்டனில் என் முதல் வேலையில் அவர்தான் என் மேலாளர். நான் ஊரிலிருந்து வந்த புதிதில், கிறிஸ்துமஸ் விடுமுறையில் தனியாகக் கிடக்கிறேன் என்று தெரிந்து வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டவர்கள் அவரும் அவர் கணவரும். போர்ட் என்ற ஒன்றை நான் முதன்முதலில் ருசித்ததே அவர்கள் வீட்டில்தான், சாப்பாடு முடிந்ததும் ஸ்டில்டன் சீஸோடு ஒரு சின்ன கிளாஸ். இருவருக்கும் ஒயின் என்றால் உயிர். 1998-இல் கல்யாணம் செய்தவர்கள். 2023-இல் 25 ஆண்டு நிறைவு. அந்த ஏப்ரலில் நாங்கள் போர்ட்டோ போவதாக இருந்ததால், 1998 அறுவடையில் செய்த போர்ட் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று நானும் மனைவியும் முடிவு செய்தோம். அப்போது அதைவிட நல்ல பரிசு எனக்குத் தோன்றவில்லை. இப்போதும் அந்த யோசனை தவறென்று நினைக்கவில்லை.

கடை, ரிபெய்ரா ஆற்றங்கரையிலிருந்து மேலே ஏறும் ஒரு சந்தில் இருந்தது. சன்னல் நிறைய மரப்பெட்டிகள். கடைக்காரர் ஒரு மணி நேரம் எங்களோடு பேசினார், சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை, அதைத்தான் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். டோரோ பள்ளத்தாக்கின் திராட்சைச் சாறு புளித்துக்கொண்டிருக்கும்போதே, அதிலுள்ள சர்க்கரை தீர்ந்துபோவதற்குள், 77 சதவீதம் ஆல்கஹால் உள்ள திராட்சைச் சாராயத்தை ஊற்றிப் புளிப்பதை நிறுத்திவிடுவார்கள், அதனால்தான் போர்ட் இனிப்பாகவும் 20 சதவீதம் போல வீரியத்தோடும் இருக்கிறது என்றார். அப்புறம் வகைகளைச் சொன்னார். ரூபி சிவப்பு மாறாமல் இளசாகக் குடிப்பது. டானி மரப்பீப்பாயில் கிடந்து காற்றுப் பட்டுப் பட்டுப் பழுப்பாகிறது. விண்டேஜ் ஒரே ஆண்டின் அறுவடையை இரண்டு மூன்று ஆண்டுக்குள் பாட்டிலில் அடைத்து, பாட்டிலுக்குள்ளேயே பல ஆண்டு முதிர்கிறது. ஆனால் தயாரிப்பவர்கள் எல்லா ஆண்டையும் விண்டேஜ் ஆண்டாக அறிவிப்பதில்லை, பத்து ஆண்டில் மூன்று முறை போலத்தான், எனவே கல்யாண வருடம் பார்த்துக் கொடுக்க நினைக்கிறவர்களுக்குக் கொல்யைத்தாதான் சரி என்றார். அது ஒரே ஆண்டின் அறுவடையை மட்டும் குறைந்தது ஏழு ஆண்டு பீப்பாயில் வைத்து எடுக்கும் டானி.

சொன்னதோடு நிற்காமல், ஒரு 1998 பாட்டிலை எடுத்து ஆளுக்கு ஒரு மடக்கு ஊற்றியும் கொடுத்தார். கருப்பட்டிப் பாகைத் தண்ணீரில் கரைத்தது போன்ற நிறம், விளிம்பில் லேசான ஆரஞ்சு. வால்நட், உலர்ந்த அத்திப்பழம், ஆரஞ்சுத் தோல் எல்லாம் சேர்ந்த வாசம். பாட்டிலின் மேல் லேபிளுக்குப் பதிலாக வெள்ளைப் பெயின்டில் 1998 என்று அச்சுக்குத்தியிருந்தது. என் மனைவி அதைப் படம்கூட எடுத்தார்.

சரி, ஒன்று கொடுங்கள் என்றோம். அலமாரியில் இருந்ததைக் கை வைக்கப் போனபோது, "இது வெளிச்சத்தில் நின்ற பாட்டில், உள்ளேயிருந்து புதிதாக எடுத்துத் தருகிறேன்" என்றார். நியாயமான பேச்சாகத்தான் பட்டது. உள்ளே போய், மூடி போட்ட மரப்பெட்டியோடு வந்தார். ஏற்கெனவே குமிழ்த் தாளில் மூன்று சுற்று சுற்றி டேப் ஒட்டியிருந்தது, விமானத்தில் உடையாமல் இருக்க என்றார். கார்டில் 95 யூரோ. அந்தக் கட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

விழா அன்று, பெட்டியோடு ஒரு வாழ்த்து அட்டையும் கொடுத்தோம். "நீங்கள் கைகோத்த ஆண்டில் விளைந்த திராட்சை" என்று எழுதியிருந்தேன். அவர் கணவர் பெட்டியைத் திறந்தார், கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்பக்கம் படித்தார், திருப்பிப் பின்பக்கம் படித்தார், ஒன்றும் சொல்லாமல் மனைவியிடம் நீட்டினார். அவர் என் அட்டையை ஒரு கையில் வைத்துக்கொண்டு, இன்னொரு கை விரலால் 1998 எங்கே இருக்கிறது என்று லேபிள் முழுக்கத் தேடினார். நான் எட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ரிசர்வ் டானி. எந்த ஆண்டும் கிடையாது, கம்பெனி தொடங்கிய ஆண்டு மட்டும் கீழே பொடி எழுத்தில். "ரொம்ப நன்றி, இதுவும் எங்களுக்குப் பிடிக்கும்" என்றார் அவர். அந்த "இதுவும்" என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. கிளாஸில் ஊற்றியபோது செம்மண் நிறத்தில் இருந்தது. குடிக்க மோசமில்லை, ஆனால் கடையில் ருசித்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அதே பாட்டிலை அப்புறம் ஒரு போர்ச்சுகல் சூப்பர்மார்க்கெட்டின் இணையதளத்தில் 14 யூரோவுக்குப் பார்த்தேன்.

போலியா என்றால் அதுவும் இல்லை. கழுத்தில், போர்ட் ஒயினைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டோரோ மற்றும் போர்ட் ஒயின் நிறுவனத்தின் எண் போட்ட முத்திரை ஒட்டியே இருந்தது. அந்த முத்திரை, உள்ளே இருப்பது உண்மையான போர்ட் என்பதற்குத்தான் உத்தரவாதம். நீங்கள் காசு கொடுத்த போர்ட் அதுதானா என்பதற்கு இல்லை. போர்ச்சுகலில் ஒவ்வொரு கடையிலும் புகார்ப் புத்தகம் இருக்க வேண்டும் என்பது சட்டம், இணையத்திலும் எழுதலாம். எழுதினேன். படத்தையும் வைத்தேன். வாடிக்கையாளர் தேர்ந்தெடுத்ததைத்தான் கொடுத்தோம் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. பில்லை எடுத்துப் பார்த்தால் "வினோ டூ போர்ட்டோ, 1, 95,00" என்று, அதாவது போர்ட் ஒயின் ஒன்று, 95 யூரோ என்று மட்டும் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நான் எதை நிரூபிப்பது?

அதனால், ருசி பார்த்த பாட்டிலும் கையில் வரும் பாட்டிலும் ஒன்றா என்று மேசையிலேயே, கட்டுவதற்கு முன் பாருங்கள். கொல்யைத்தா (Colheita) என்றால் அந்தச் சொல்லும், அறுவடை ஆண்டும், பாட்டிலில் அடைத்த ஆண்டும் மூன்றும் இருக்க வேண்டும். 10, 20, 30, 40 என்று எண் போட்ட டானி பல ஆண்டு ஒயின்களின் கலவை, அதில் 20 என்பதைக் கல்யாணக் கணக்கோடு பொருத்திக்கொள்ளாதீர்கள். வாங்கித்தரும் நண்பர்கள் ராத்திரி ஆளுக்கு ஒரு கிளாஸ் குடிக்கிறவர்கள் என்றால் டானி வகையே நல்லது, திறந்த பிறகும் ஃபிரிட்ஜில் சில வாரம் தாங்கும். விண்டேஜை வண்டல் தங்கும்படி மெதுவாக வடித்து, இரண்டு நாளுக்குள் முடித்தாக வேண்டும், எனவே விருந்து வைக்கிற வீட்டுக்குத்தான் அது. நீளமான கார்க் அடித்த பழைய விண்டேஜ் பாட்டில் கடைச் சன்னலில் நிமிர்ந்து வெயிலில் நின்றிருந்தால், எந்த விலை சொன்னாலும் வேண்டாம்.

பில்லில் ஒயினின் முழுப்பெயரையும் ஆண்டையும் எழுதித் தரச் சொல்லுங்கள். மழுப்பினால் அங்கேயே விட்டுவிட்டு, தோம் லூயிஸ் பாலத்தின் கீழ்த்தளம் வழியாக ஆற்றைத் தாண்டி விலா நோவா டி காயாவுக்குப் போய்விடுங்கள், ரிபெய்ராவிலிருந்து பத்து நிமிட நடைதான். போர்ட் முதிரும் கிடங்குகளே அங்கேதான் இருக்கின்றன, தயாரிப்பவர்களிடமே நேராக வாங்கலாம்.