பிஎல்எம் இ-பிளானிங் தளம்: எண்ணெய்க் குத்தகைக்கு ஆட்சேபணை சொல்ல எவ்வளவு உதவும்?

அமெரிக்காவில் மத்திய அரசு நிலத்தில் எண்ணெய், எரிவாயுக் கிணறு தோண்ட அனுமதி தருவது நில மேலாண்மைப் பணியகம், சுருக்கமாக பிஎல்எம். மேற்பரப்பு நிலம் சுமார் 24.5 கோடி ஏக்கரும், நிலத்தடிக் கனிம உரிமை சுமார் 70 கோடி ஏக்கரும் அதன் பொறுப்பில் இருக்கின்றன. இவை தொடர்பான சுற்றுச்சூழல் ஆவணங்களை வெளியிட்டுப் பொதுமக்களிடம் கருத்து வாங்கும் இணையச் சேவைதான் இ-பிளானிங். கட்டணம் இல்லை, படிப்பதற்குக் கணக்குத் தொடங்கவும் வேண்டாம்.

கோப்பு அலமாரியாகப் பார்த்தால் குறை சொல்ல அதிகம் இல்லை. மாநிலம், அலுவலகம், ஆவண வகை என்று வடிகட்டித் தேடலாம். ஒவ்வொரு திட்டத்துக்கும் தனிப் பக்கம் உண்டு. கருத்துக் காலம் திறந்திருந்தால் ‘பார்ட்டிசிபேட் நவ்’ என்ற பொத்தான் தெரியும். முடிந்துபோன திட்டங்களின் ஆவணங்களும் கிடைப்பதால், முந்தைய ஏலங்களில் எந்த வாதத்தை அலுவலகம் ஏற்றது, எதை ஒரே வரியில் தள்ளியது என்று பார்த்துக்கொண்டு எழுத உட்காரலாம்.

சிக்கல் திட்ட எண்ணின் கடைசி எழுத்துகளில் தொடங்குகிறது. ‘இஏ’ என்று முடிந்தால் சுற்றுச்சூழல் மதிப்பீடு, ‘இஐஎஸ்’ என்றால் விரிவான அறிக்கை. ‘டிஎன்ஏ’ என்றால் பழைய ஆய்வே போதும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ‘சிஎக்ஸ்’ என்றால் ஆய்விலிருந்தே விலக்கு. இஏ-வை மட்டும் வடிகட்டித் தேடுபவர் கண்ணில் கடைசி இரண்டும் படாது. 2005 எரிசக்திச் சட்டத்தின் 390ஆம் பிரிவு கிணறுகளுக்கென்றே சில விலக்குகளை வைத்திருக்கிறது. தோண்டிக் கிளறப்படும் மேற்பரப்பு நிலம் 5 ஏக்கருக்குள், குத்தகை முழுவதிலும் 150 ஏக்கருக்குள் இருந்து, அந்த இடத்துக்கு முன்பே ஆய்வு நடந்திருந்தால் அது ஒன்று. கடந்த 5 ஆண்டுக்குள் கிணறு தோண்டிய அதே தளத்தில் மீண்டும் தோண்டுவது இன்னொன்று. இவற்றுக்குப் பெரும்பாலும் அந்தப் பொத்தானே வராது.

இன்னொரு இடறல், நில விவரம். ஏலத்துக்கு வரும் துண்டுகளை ஊர்ப்பெயரால் தேடிப் பயனில்லை. நம் சர்வே எண் போல அங்கே டவுன்ஷிப், ரேஞ்ச், செக்‌ஷன் கணக்கு. ஒரு டவுன்ஷிப் 6 மைலுக்கு 6 மைல் சதுரம். அதற்குள் 36 செக்‌ஷன், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். அக்கறையுள்ள ஓடையோ மேய்ச்சல் நிலமோ எந்த செக்‌ஷனில் விழுகிறது என்று முதலில் குறித்துக்கொண்டால், நூறு பக்கத் துண்டுப் பட்டியலைப் பத்து நிமிடத்தில் அலசிவிடலாம்.

எந்தக் கட்டத்தில் போய்ச் சொல்கிறோம் என்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். தளம் இதை எங்கும் சொல்லித் தருவதில்லை. எந்த நிலம் குத்தகைக்குத் திறந்தது, எது மூடியது என்பது நில வளத் திட்டத்தில் முடிவாகிறது. அடுத்தது குத்தகை ஏலம். மூன்றாவதுதான் கிணறு தோண்டும் அனுமதி. ஏலத்தில் குத்தகை போனால் 10 ஆண்டு உரிமை, எண்ணெய் லாபமாக வந்துகொண்டிருந்தால் அதற்கு மேலும் நீளும். அனுமதிக் கட்டத்தில் சாலை எங்கே போகும், கழிவுநீர் எங்கே சேரும் என்று பேசலாமே தவிர, தோண்டவே கூடாது என்ற வாதம் அனேகமாக எடுபடாது. பத்திரம் பதிந்த பிறகு வில்லங்கம் பார்ப்பது போலத்தான். ‘மேற்பரப்பில் கால் வைக்கக் கூடாது’ என்ற நிபந்தனை வேண்டுமென்றால் அதைக் குத்தகையில் ஏற்றும்படி ஏலத்துக்கு முன்பே கேட்க வேண்டும்.

அறிவிப்பில்தான் சேவை தோற்கிறது. ஏலத்துக்கு 45 நாள் முன்பும், கிணறு அனுமதிக்கு 30 நாள் முன்பும் அறிவிப்பு ஒட்ட வேண்டும் என்பது சட்டம். ஆனால் சட்டம் சொல்லும் இடம் உள்ளூர் அலுவலகம். இணையத்திலும் கிணறு விண்ணப்பங்களின் பட்டியல் பிஎல்எம்-இன் வேறொரு பக்கத்தில் கிடக்கிறது. இ-பிளானிங்கையும் அந்தப் பக்கத்தையும் தனித்தனியே பார்த்துவர வேண்டும். ஆட்சேபணைக் காலமும் நிலையாக இருந்ததில்லை. 2018இல் 30 நாளை 10 நாளாக்கினார்கள். 2020 பிப்ரவரியில் இடாஹோ மத்திய நீதிமன்றம், சேஜ் குரூஸ் பறவை வாழும் பகுதிகளின் ஏலங்களுக்கு 30 நாளைத் திரும்பக் கொண்டுவந்தது. 2025 ஏப்ரலில் பிஎல்எம்-இன் தாய்த் துறையான அமெரிக்க உள்துறை (இன்டீரியர்) கொண்டுவந்த அவசர நடைமுறைப்படி ஒரு இஏ சுமார் 14 நாளில் முடியலாம். அதே ஆண்டு ஜூலையில் திருத்திய விதிகளின்படி இஏ-வுக்குக் கருத்துக் கேட்பது அலுவலகத்தின் விருப்பம். மாதம் ஒருமுறை எட்டிப்பார்த்தால் போதும் என்ற காலம் போய்விட்டது. (இந்தியாவில் 2020 ஜனவரித் திருத்தத்தோடு ஆய்வுக் கிணறுகளுக்குக் கருத்துக் கேட்புக் கூட்டமே தேவையில்லை என்றானதைக் காவிரிப் படுகைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.)

கருத்து எழுதும் பெட்டி எளிமையானது, கோப்பும் இணைக்கலாம். இது வாக்கெடுப்பு இல்லை என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ‘எதிர்க்கிறேன்’ என்று ஆயிரம் பேர் ஒரே கடிதத்தை அனுப்பினாலும், பதில் சொல்ல வேண்டிய வாதம் ஒன்றுகூட அதில் இருக்காது. தரவில் பிழை, கணக்கிட்ட முறையில் கோளாறு, விட்டுப்போன தகவல், நடைமுறைக்கு ஒத்துவரும் மாற்றுவழி ஆகியவைதான் கணக்கில் வரும். துண்டு எண், ஆவணப் பக்க எண், என்ன மாற்ற வேண்டும் என்ற வரிசையில் எழுதுங்கள். பெயரும் முகவரியும் பொதுவில் வெளியாகலாம். ஏலத்துக்கு எதிரான முறையான ஆட்சேபணை வேறு. அதற்குக் காரணமும், உங்களுக்கு அதில் என்ன தொடர்பு என்பதும் வேண்டும். எப்படி, எத்தனை மணிக்குள், எந்த நேர மண்டலப்படி என்று அறிவிப்பிலேயே இருக்கும். தாமதமானால் படிக்காமலே தள்ளிவிடுவார்கள்.

ஆவணங்களுக்கு 5க்கு 4, கருத்துப் பெட்டிக்கு 3, அறிவிப்புக்கு 1. ஹூஸ்டன், டாலஸ் வாசிகள் டெக்சாஸ் என்று தேடி ஒன்றும் இல்லை என்று விட்டுவிட வேண்டாம். டெக்சாஸின் மத்திய அரசுக் குத்தகைகளைக் கவனிப்பது நியூ மெக்சிகோ மாநில அலுவலகம், அதன் ஏலப் பக்கத்தில்தான் தேட வேண்டும்.