நிரப்பித் தரும் பஞ்சிங் பேக்கை நம்பி 9,800 போனது. வாங்கும் முன் இதைப் படியுங்கள்

ஜிப்பைத் திறந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. தரையெல்லாம் மணல். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் 'போய்த் தொலையட்டும்' என்று விட்டுவிடுவேன், நாளைக்கு இன்னொருவர் போய் அதே இடத்தில் ஏமாந்து நிற்பார். எதையெல்லாம் சரிபார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

உடற்பயிற்சிக் கருவிகள் விற்கும் கடை. பாக்ஸிங் பழகத் தொங்கவிட்டுக் குத்தும் பேக், 4 அடி உயரம், 30 செ.மீ. விட்டம். நிரப்புவது, வீட்டுக்கு வந்து மாட்டுவது எல்லாம் சேர்த்து 9,800. காலி உறை போதும், நானே நிரப்பிக்கொள்கிறேன் என்றதற்கு, "எதுக்கு தம்பி கஷ்டம்? முழுக்க வெட்டுத்துணி, 40 கிலோ. நீங்களே பாருங்க" என்று கொக்கித் தராசில் தூக்கிக் காட்டினார். முள் 40-இல் நின்றது. அந்த முள்ளைப் பார்த்துத்தான் பணத்தை எடுத்துக் கொடுத்தேன். எடையில் அவர் பொய் சொல்லவில்லை. அந்த எடை பைக்குள் எங்கே இருக்கிறது என்பதைத் தராசு காட்டாது. பித்தலாட்டம் முழுக்க அங்கேதான்.

இப்போது திறந்து பார்த்ததில்: அடியில் சாக்கோடு 25 கிலோ மணல். அதற்கு மேல் அரையளவுக்கு மரத்தூள். உச்சியில் பழைய மெத்தை ஸ்பாஞ்சுத் துண்டுகள். துணி என்று பார்த்தால் ஜிப்புக்குக் கீழே ஒரே ஒரு அடுக்கு, கை வைத்துப் பார்ப்பவர்களுக்காக.

இது ஏன் ஆபத்து என்று புரிய ஒரு கணக்கு போதும். 25 கிலோ மணல் கிட்டத்தட்ட 16 லிட்டர் இடத்தை அடைக்கும். 30 செ.மீ. விட்டமுள்ள பைக்குள் அது ஏறக்குறைய 22 செ.மீ. உயரம். பாக்ஸிங்குக்கு மாட்டும்போது பையின் அடிப்பாகம் இடுப்பு உயரத்தில் தொங்கும். விலாவுக்கு விடும் குத்துகள் எல்லாம் விழுவது அந்தக் கீழ்ப்பகுதியில்தான். அங்கேதான் மணல். குத்தக் குத்த ஏற்படும் அதிர்வில் மணல் இன்னும் இறுகிக் கல்லாகிவிடும். முஷ்டி எலும்பு, குறிப்பாகச் சுண்டுவிரலுக்குக் கீழே உள்ள எலும்பு, இப்படித்தான் முறிகிறது. மேலே குத்தினாலும் தப்பிக்க முடியாது. ஸ்பாஞ்சுக்குள் கை புதையும், எதிர்த்து நிற்க ஒன்றும் இல்லாததால் மணிக்கட்டு மடங்கிச் சுளுக்கும். மரத்தூள் ஈரத்தை இழுத்து நாறத் தொடங்கும், நாளாக ஆக அமுங்கிக்கொண்டே போகும். இரண்டே வாரத்தில் பை சுரைக்காய் வடிவத்துக்கு வந்துவிட்டது. மேலே ஒல்லி, கீழே தொப்பை.

அடி கல்லு மாதிரி இருக்கிறது என்று முதலில் கடைக்குப் போன் செய்தபோது, "புது பேக் அப்படித்தான் இருக்கும் தம்பி, அடிக்க அடிக்கப் பழகிடும்." பழகாது. துணி நிரப்பிய பையும் அமுங்கும்தான், ஆனால் அதன் உச்சியில் நாலு விரல் இடம் விழும், மேலே இன்னும் கொஞ்சம் துணி திணித்தால் சரியாகிவிடும். அடியில் பாறையாக இறுகுவது வேறு விஷயம்.

இரண்டாவது போன் கொக்கிக்காக. மாட்ட வந்தவர் கூரையில் துளை போட்டு, திருகு பிடிக்க அதற்குள் பிளாஸ்டிக் பிளக் அடித்து, வளைந்த திருகுக் கொக்கியை முடுக்கிவிட்டுப் போனார். பாதி நீளம் சிமென்ட் பூச்சில்தான் நின்றிருக்கிறது. மூன்றாம் நாளே ஒரு செ.மீ. இறங்கிவிட்டது. பிளாஸ்டிக் பிளக் பிடித்து நிற்பது உராய்வினால் மட்டும். கூரையில் எடை அதை நேராகக் கீழே இழுக்கிறது, போதாததற்கு ஒவ்வொரு குத்துக்கும் பை ஆடி அதை இப்படியும் அப்படியும் நெம்புகிறது. கடையில் கேட்டால், "மாட்டுற ஆளு வேற, அவர்கிட்ட பேசுங்க." அவரிடம் கேட்டால், "பேக் ரொம்ப வெயிட்டு சார், கொக்கி மேல தப்பு இல்ல." 40 கிலோ என்று தெரிந்துதானே வந்தார்?

மூன்றாவது போன் இன்றைக்கு. "ஜிப்பைத் திறந்துட்டீங்கல்ல? திறந்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்." திறக்காமல் உள்ளே மணல் இருப்பது எப்படித் தெரியும்? 9,800 வாங்கிக்கொண்டு இந்தப் பதில். அதற்குப் பிறகு போனை எடுக்கவே இல்லை.

ஒழுங்காக நிரப்புவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். இந்த அளவு பைக்கு 30 முதல் 35 கிலோ பழைய துணி பிடிக்கும். பட்டன், ஜிப், கொக்கி எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டு, உள்ளங்கை அளவுக்குத் துண்டு போட வேண்டும். நீளமாக விட்டால் முறுக்கிக்கொண்டு முடிச்சு முடிச்சாக நிற்கும். ஒரு சாண் உயரத்துக்குப் போட்டு, முதலில் ஓரம், பிறகு நடு என்று உலக்கையாலோ கனமான உருட்டுக்கட்டையாலோ நன்றாக இடித்து, அதன் பிறகே அடுத்த அடுக்கு. ஓரத்தை விட்டுவிட்டு நடுவில் மட்டும் இடித்தால் பக்கவாட்டில் குழி விழும். எடை இன்னும் வேண்டுமென்றால் மணல் சேர்க்கலாம், தப்பில்லை. ஒரு கிலோ, இரண்டு கிலோ பொட்டலமாக இரட்டை உறையில் இறுகக் கட்டி, பையின் நட்ட நடுவில், மேலிருந்து கீழ் வரை பிரித்து வைக்க வேண்டும். சுற்றிலும் நாலு அங்குலமாவது துணி இருந்தால் முஷ்டிக்கு அது தெரியவே தெரியாது. பொறுமையாகச் செய்தால் ஒரு நாள் வேலை. அந்த ஒரு நாளை மிச்சம் பிடிக்கத்தான் 9,800-க்கு மணல் விற்றிருக்கிறார்கள்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. இதை மட்டும் மறக்காதீர்கள்.

தராசைப் பார்க்காதீர்கள். பையைப் படுக்க வைத்து, அதன் நீளத்தில் சரிபாதிக்கு நேர் கீழே ஒரு உருளைக் கம்பியைக் கொடுத்துப் பாருங்கள். சீராக நிரப்பியிருந்தால் தராசுத்தட்டு போல நிற்கும், அடியில் மணல் இருந்தால் ஒரு பக்கம் சட்டென்று சாயும். கடையிலேயே செய்யுங்கள்.

மேலிருந்து கீழ் வரை ஒவ்வொரு சாணுக்கும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே இறுக்கம் இருக்க வேண்டும். அவர்கள் காட்டும் இடத்தில் மட்டும் அழுத்தாதீர்கள்.

மாட்டும்போது பூச்சைத் தாண்டிக் காங்கிரீட்டுக்குள் இறங்கும் இரும்பு ஆங்கர் போல்ட், வாய் மூடிய வளையம். திறந்த கொக்கி வேண்டவே வேண்டாம். மின்விசிறிக் கொக்கியில் மாட்டலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், அது ஆடுகிற 40 கிலோவுக்குப் போட்டதல்ல. பையைச் சுற்றி ஒரு மீட்டர் இடம் விடுங்கள்.

ரசீதில் 'முழுவதும் துணி' என்று எழுதி வாங்குங்கள். என் கையில் இருப்பதில் 'பேக் 1, 9,800' என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது.