சிபெலியஸ், டோரிக்கோ, மியூஸ்ஸ்கோர்: கை எதில் பழக வேண்டும்?

இசைக்குறியீட்டு மென்பொருள்களை ஒப்பிடுபவர்கள் வசதிகளின் பட்டியலைத்தான் நீட்டுகிறார்கள். கற்றுக்கொள்பவருக்கு அதனால் அதிகப் பயன் இல்லை. நான்கு தந்தி வாத்தியங்களுக்கான ஸ்கோரை (குறியீட்டில் எழுதிய இசைப் பிரதியை) சிபெலியஸ், டோரிக்கோ, மியூஸ்ஸ்கோர் மூன்றிலுமே அழகாக அச்சிடலாம். எழுதியதைத் திருத்தும்போதுதான் ஒவ்வொன்றின் குணமும் வெளிப்படும்.

எட்டு பார் (நான்கு நான்கு அடிகளாகப் பிரித்த இசைக் கட்டங்கள்) எழுதிய பிறகு, இரண்டாவது பாரின் நடுவில் ஓர் அடி நீளமுள்ள ஒரு குவார்ட்டர் நோட் விடுபட்டது தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டோரிக்கோவில் செருகும் முறைக்கு (இன்செர்ட் மோடு) மாறி அந்த நோட்டை இட்டால் போதும். பின்னால் உள்ளவை எல்லாம் ஓர் அடி தள்ளிப்போகும். பார் கோட்டைத் தாண்டும் நோட்டுகள் தாமாகவே இரண்டாகப் பிரிந்து, டை என்ற இணைப்பு வளைவால் ஒரே ஒலியாக இணையும். மியூஸ்ஸ்கோரிலும் செருகும் முறை உண்டு, ஆனால் அந்த பார் மட்டும் நான்கு அடியிலிருந்து ஐந்தாக நீண்டுவிடும். சிபெலியஸில் பின்பகுதியை வெட்டித் தள்ளி ஒட்டுவதே பலரின் வழக்கம். டோரிக்கோவுக்கு இசை என்பது காலத்தில் ஓடும் ஒரே நீரோட்டம். பார் கோடு பிறகு போடப்படுவது. மற்ற இரண்டுக்கும் பார்தான் அடிப்படை.

மெட்டை அமைத்துக்கொண்டே எழுதுபவருக்கு இந்த ஒரு காரணமே போதும் என்பேன். ஆனால் டோரிக்கோ தொடக்கத்தில் பொறுமையைச் சோதிக்கும். பிளேயர் (வாசிப்பவர்), ஃப்ளோ (தனித்தனி இசைப்பகுதி), லேஅவுட் (பக்க அமைப்பு) என்ற அதன் கருத்துகள் பிடிபட வேண்டும். எழுத ஒரு முறை, பக்கத்தைச் செதுக்க வேறொரு முறை. ஒரு குறியைச் சற்றே நகர்த்தப் போனால் முறையை மாற்றச் சொல்லும். எரிச்சல்தான், ஆனால் கண்டதையெல்லாம் சுட்டியால் இழுத்துச் சரிசெய்யும் பழக்கத்தை அதுவே ஒழிக்கிறது.

சிபெலியஸ் 1993இல் பிரிட்டனில் பிறந்தது. 2012இல் அதன் உரிமையாளரான அவிட் நிறுவனம் சிபெலியஸின் லண்டன் அலுவலகத்தை மூடியபோது, வெளியேறிய சிபெலியஸ் குழுவை ஸ்டைன்பெர்க் நிறுவனம் சேர்த்துக்கொண்டது. 2016இல் அந்தக் குழு உருவாக்கிய டோரிக்கோ வெளிவந்தது. ஆக, இந்தப் போட்டி ஒரே குடும்பத்துச் சண்டை. உங்களோடு வேலை செய்பவர்கள் சிபெலியஸ் கோப்புகளையே அனுப்புகிறார்கள் என்றால் விவாதமே வேண்டாம், அதையே கற்றுக்கொள்ளுங்கள். மென்பொருள்களுக்குப் பொதுவான கோப்பு வடிவமான மியூசிக்எக்ஸ்எம்எல் வழியாக மாற்றினால் நோட்டுகளும் பாடல் வரிகளும் வந்து சேரும். பக்க அமைப்பு பெரும்பாலும் குலைந்துவிடும். 2024 ஆகஸ்டில் இன்னொரு பழைய குறியீட்டு மென்பொருளான ஃபினாலேயின் வளர்ச்சி நிறுத்தப்பட்டபோது, அதில் எழுதிக் குவித்தவர்களுக்கு இது பெரிய தலைவலியானது. ஃபினாலேயைப் புதிதாகக் கற்பதில் இனிப் பொருளில்லை.

குறியீட்டையே இப்போதுதான் கற்கிறீர்களா? மியூஸ்ஸ்கோர் போதும். இலவசம், திறந்த மூலநிரல். 2022 டிசம்பரில் வந்த நான்காம் பதிப்பிலிருந்து பக்கத்தின் தோற்றமும் ஒலியும் வெகுவாக மேம்பட்டுள்ளன. ஸ்கோர்களைப் பகிரும் இணையதளத்தின் சந்தா தனி. மென்பொருளுக்குக் காசு கேட்கிறார்கள் என்று எண்ணிவிட வேண்டாம்.

இரண்டை ஒரே நேரத்தில் கற்காதீர்கள். குவார்ட்டர் நோட்டுக்கு சிபெலியஸின் எண்பலகையில் 4, மியூஸ்ஸ்கோரில் 5, டோரிக்கோவில் 6. விரல்கள் குழம்பும். டோரிக்கோவைத் தொட்டுப் பார்க்க விரும்பினால் அதன் இலவசப் பதிப்பான எஸ்.இ. இருக்கிறது, வாத்தியங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு என்றாலும், செருகும் முறையைச் சோதிக்க அது தாராளம்.