கோப்பின் பூட்டைச் சோதிப்பதா, கோப்பையே நகர்த்துவதா?

இரவு 2 மணிக்குத் தானாக ஓடும் எங்கள் பேட்ச் வேலை, விண்டோஸ் பகிர்வுக் கோப்புறையில் இருக்கும் விற்பனைக் கோப்பைத் தரவுத்தளத்தில் ஏற்ற வேண்டும். யாராவது அதை எக்செல்லில் திறந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். வேலை பாதியில் நின்றிருக்கும். இப்படி ஒருவர் திறந்து வைத்திருப்பதால் மற்ற நிரல்கள் கோப்பைத் தொட முடியாமல் போவதுதான் பூட்டு. அதைச் சமாளிக்க மூன்று வழிகளை முயன்று பார்த்தேன்.

ஹேண்டில், ஓப்பன்ஃபைல்ஸ் போன்ற கருவிகள், கோப்பை யார் பிடித்திருக்கிறார்கள் என்று காட்டும். ஆளைத் தேட நல்லவை. தினசரி வேலைக்கு வேண்டாம். நிர்வாகி உரிமை கேட்கும். அதோடு, வேலை ஓடும் கணினியில் ஹேண்டிலை இயக்கினால், பக்கத்து மேசைக்காரர் தன் கணினியில் திறந்திருப்பது அதற்குத் தெரியாது. (கோப்பு திறந்திருப்பதற்கு அடையாளமாக எக்செல் உருவாக்கும் மறைகோப்பைத் தேடுகிறவர்களும் உண்டு. எக்செல் முறிந்து மூடினால் அந்தக் கோப்பு அங்கேயே கிடக்கும்.)

அடுத்தது விண்டோஸின் ஸ்கிரிப்ட் மொழியான பவர்ஷெல்: வேறு யாரும் அதே நேரம் திறக்க முடியாதபடி கோப்பைத் திறந்து பார்ப்பது. பகிர்வு மீறல் பிழை, அதாவது எண் 32, வந்தால் பூட்டு. ஐந்தாறு வரிதான், சில மாதங்கள் இதைத்தான் நம்பினேன். சிக்கல் எங்கே என்றால், சோதித்தபின் கோப்பை மூடிவிட்டுத்தான் ஏற்றும் நிரலை அழைக்க முடியும். அந்தச் சில விநாடி இடைவெளியில் யாரும் புகலாம். ஒரு நாள் புகுந்தார்கள். சோதனை “பூட்டில்லை” என்றது, வேலை விழுந்தது. ஏற்றும் நிரலும் நீங்கள் எழுதியது என்றால் கதை வேறு: திறந்த பிடியை விடாமலே வேலையை முடித்துவிடலாம்.

எங்களுடையது வாங்கிய நிரல். அதனால் இப்போது சோதிப்பதே இல்லை. கோப்பை, ஏற்றுவதற்கென்றே ஒதுக்கிய வேலைக் கோப்புறைக்கு நகர்த்துகிறேன். எக்செல் பிடித்திருந்தால் நகராது. நகர்ந்துவிட்டால் பயனர்கள் தேடும் இடத்தில் அது இல்லை. சோதனையும் கைப்பற்றலும் ஒரே செயலாகிவிடுவதால் இடைவெளியே இல்லை. தோற்றால் 5 நிமிடம் பொறுத்து மறுபடி, மொத்தம் 6 முறை. வைரஸ் தடுப்பு நிரல் நொடிப்பொழுது பிடித்தாலும் இது சமாளித்துவிடும்.

இரண்டு கோப்புறைகளும் ஒரே டிரைவில் இருக்க வேண்டும், இல்லையென்றால் நகர்த்தல் என்பது நகலெடுத்து அழிப்பதாகிவிடும். அழிக்கவும் பெயர் மாற்றவும் அனுமதித்துத் திறக்கும் நிரல்களிடம் இந்த உத்தி ஏமாறும். வேலை நடுவில் செத்தால் கோப்பு வேலைக் கோப்புறையிலேயே தங்கும். ஆகவே என் ஸ்கிரிப்ட் முதலில் பார்ப்பது அந்தக் கோப்புறையைத்தான். நாளுக்கு ஒரு கோப்பு என்ற அளவில்தான் என் அனுபவம். நூற்றுக்கணக்கில் வந்தால் தாங்குமா என்று சோதித்ததில்லை. லினக்ஸுக்கு இதைக் கொண்டுபோக வேண்டாம்: அங்கே திறந்திருக்கும் கோப்பும் தாராளமாக நகரும்.